வலது காதில் கொரைரா

காது என்பது கேட்பதற்கான உறுப்பு என்று பொதுமக்கள் நம்பி வருகிறார்கள். இது தவறு. இந்தத் தவறை இத்தனை காலம் யாரும் கண்டிக்காமல் விட்டது குறித்து என் ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்கிறேன். காது முதலில் உண்டானது, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உடம்புக்குச் சொல்வதற்காக. நம் முன்னோர் மீனாகத் திரிந்த காலத்திலேயே அந்த வேலைக்கு ஆள் போட்டாயிற்று. கேட்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட உபதொழில், பள்ளிக்கூட வாத்தியார் சாயங்காலத்தில் இன்சூரன்ஸ் பிடிப்பதைப் போல. உள்காதில் மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன. குழாய்க்குள் ஒரு நீர், நீருக்குள் மெல்லிய மயிர்கள். தலை திரும்பினால் நீர் பின்தங்கும், மயிர் வளையும், மூளைக்குச் சேதி போகும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் நீரும் கூடச் சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும், மயிர் நிமிர்ந்துவிடும், 'திரும்பியது போதும், இப்போது நேராகப் போகிறோம்' என்று காது அறிவிக்கும். அந்த நேரத்தில் விமானம் இடது பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே துல்லியமாகச் சொன்னால், காது என்பது மனிதனிடம் யோக்கியமான குரலில் பொய் சொல்வதற்கான உறுப்பு. இதையெல்லாம் நான் ஹசீனாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன், அவள் அதற்குள் சத்தம் புகாத சோதனைக் கூண்டின் கதவைச் சாத்திவிட்டாள். கிண்டியில், விமானிகளுக்கு உடல் தகுதிச் சான்று கொடுக்கும் இந்த மையத்தில் காது சோதிப்பவள் ஹசீனா. இருபத்தைந்து வயதிருக்கும், எனக்கு மகள் இருந்தால் அந்த வயது. "எது சார் நல்ல காது? அதுல ஆரம்பிப்போம்" என்று சாத்துவதற்கு முன்னால் கேட்டாள். "ரெண்டுமே நல்ல காதுதாம்மா" என்றேன். "எல்லா பைலட்டும் அதைத்தான் சார் சொல்றாங்க" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, காதில் மாட்டும் கருவியில் சிவப்புப் பட்டை போட்டதை வலது காதிலும் நீலப் பட்டை போட்டதை இடது காதிலும் மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் திணித்தாள். "சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க. எவ்ளோ லேசா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க, அவ்ளோதான்." சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியாது.

கூண்டு ஒரு பீரோ அளவுதான். சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையான பஞ்சு. எதிரே ஒரு கையகலக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் ஹசீனா எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள், கருவி மேசைக்குக் கீழே மறைந்திருக்கிறது. முதலில் இடது காது. எங்கோ ஒரு கொசு ஒற்றை எழுத்தைச் சொன்னதுபோல ஒரு சத்தம், அமுக்கினேன். இன்னும் தூரத்தில் அதே கொசு, அமுக்கினேன். இடது காது சமர்த்து, அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கவலை வலதைப் பற்றி. போன வருடமே டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே, "கேப்டன் கோவேந்தன், வலது பக்கம் மேல் சத்தங்கள் ஓரத்துல நிக்குது. இன்னும் கொஞ்சம் இறங்கினா நிறுத்தி வைக்க வேண்டி வரும்" என்றார். நிறுத்தி வைப்பது என்றால் நாற்காலியை நிறுத்தி வைப்பது மாதிரி இல்லை. பறக்கக் கூடாது, பறக்கக் கற்றுக்கொடுக்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை என் மாணவி ரூபவதி முதல்முறையாகத் தனியே பறக்கப் போகிறாள். விருதுநகர்ப் பெண், பத்தொன்பது வயது, இறங்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை நான் விமானத்தைவிட்டு இறங்கி, கதவைச் சாத்தி, 'போய்ட்டு வா' என்று சொல்ல வேண்டும். இந்தச் சான்று இல்லாவிட்டால் சொல்ல முடியாது. வேறு யாரோ சொல்வார்கள். பிறகு நான் தரையில் இருப்பேன், தரையில் நான் யார்? கல்யாணப் பத்திரிகைகளில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிற ஒரு ஆசாமி. "சார், அடுத்தது வலது" என்று ஹசீனா ஒலிபெருக்கியில் சொன்னாள்.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதும் சரியில்லை, என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறது, எச்சில் விழுங்கினால் படித்துறையில் குடம் மோதியதுபோலக் கேட்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. 'ஏல வேந்தே.' இந்தக் காதில் எப்போது சத்தம் அடங்கினாலும் இவன்தான் முதலில் வருவான். இவர்தான். செத்துப்போனவரை அவன் இவன் என்று சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், அப்பா தமிழாசிரியர், எனக்குக் கோவேந்தன் என்று பெயர் வைத்தவர். அந்தப் பெயரைக் கேட்ட அன்றே கேப்டன் கொரைரா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோவேந்தனாம்ல. மூக்கு ஒழுகுது வேந்தனுக்கு. போய்த் தொடச்சிட்டு வா, ராஜ்ஜியத்தப் பெறவு பாப்போம்" என்றார். தூத்துக்குடிக்காரர். யுத்த காலத்தில் போட்டு, யுத்தம் முடிந்ததும் ஆடுகளுக்கு விட்டுவிட்ட ஓர் ஓடுதளத்தில், மூன்று புஷ்பக் விமானங்களும் ஒரு தகரக் கொட்டகையும் வைத்து எங்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தார். போன மாதம் இறந்தார். இறந்ததிலிருந்து எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மெழுகுவத்தியும் கும்பிடுகிற கையும் ஓயவில்லை. 'அவர் அடித்த அடிதான் இன்றைக்கு நம்மை ஆகாயத்தில் வைத்திருக்கிறது.' இதை எழுதியவன் தங்கமாரியப்பன். என்னோடு படித்தவன், இப்போது பெரிய விமானம் ஓட்டுகிறான், இந்த நிமிடம் வெளியே பெஞ்சில் எனக்கு அடுத்த ஆளாக உட்கார்ந்திருக்கிறான். நான் வந்து உட்கார்ந்ததுமே, "இந்தப் பக்கம் வா மாப்ள" என்று என்னைத் தூக்காத குறையாகத் தன் இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். "நீ இன்னும் கொரைரா சாருக்கு நாலு வரி எழுதலையே. எல்லாரும் எழுதிட்டாங்க. உனக்குத்தான் தமிழ் வரும்." எழுதுகிறேன் என்றேன். "என்னா?" என்றான். எழுதுகிறேன் என்றேன் மறுபடியும். பிறகு குனிந்து, கண்ணைச் சிமிட்டி, "உள்ள போறியே, சார் சொல்லிக்குடுத்த வித்தை ஞாபகம் இருக்கா? முழங்கை மாப்ள, முழங்கை!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். அடித்த அடிதான் வைத்திருக்கிறதாம். அடியா வைத்திருக்கிறது? இறக்கையின் மேலே காற்று வேகமாகப் போகிறது, கீழே மெதுவாகப் போகிறது, அது வைத்திருக்கிறது. அதற்கும் ஒரு தவறான விளக்கம் ஊரெல்லாம் உலவுகிறது, அதைப் பிறகு கவனிக்கலாம். அடி வைத்திருக்கிறது என்றால் என் காதில் விழுந்த அடிக்கு நான் இந்நேரம் சந்திரனில் இருக்க வேண்டும்.

கதவு திறந்தது. "சார், நான் இப்ப ஒண்ணுமே குடுக்கல. நீங்க அமுக்கிட்டீங்க." "அப்படியா?" "ஆமா சார். ரெண்டு வாட்டி." நான் அமுக்கியது 'ஏல' என்றதற்கு. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? "கை வழுக்கிருச்சும்மா." "பரவால்ல சார், முதல்ல இருந்து போறேன். டென்ஷன் ஆகாதீங்க." டென்ஷனா. இது கோபம் அம்மா, இதற்கு வேறு பெயர் வைக்காதே. கதவு சாத்திக்கொண்டது, கூடவே உலகமும். புஷ்பக்கில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். மாணவன் இடது பக்கம், ஆசிரியர் வலது பக்கம், தோளோடு தோள் இடிக்கும். காதில் மாட்டிப் பேசுகிற கருவியெல்லாம் கிடையாது, இன்ஜின் போடுகிற கூச்சலுக்கு மேலே கத்த வேண்டும். அவர் என் வலது காதில் கத்துவார், நான் அவருடைய இடது காதில் கத்துவேன். கையில் எப்போதும் சுருட்டிய வரைபடம், அது விறைப்பாக நிற்பதற்காக உள்ளே ஓர் அடி ஸ்கேல். "தாடைய நெஞ்சுல வையி. கண்ண மூடு. கையக் காலை எடு" என்பார். விமானத்தைத் தான் வாங்கிக்கொண்டு ஏதாவது செய்வார், தூக்குவார், சாய்ப்பார், மெதுவாகத் திருப்புவார். "இப்ப சொல்லு வேந்தே. நேராப் போறோமா, திரும்புறோமா?" காது நேர் என்று சொல்லும். நேர் சார் என்பேன். பட்டென்று ஸ்கேல் வைத்த வரைபடம் வலது காதில் விழும். "கண்ணத் தொற. ஊசியப் பாரு. ஊசி என்ன சொல்லுது? இந்தக் காது பொய் சொல்லுதுல. பொய் சொல்ற காதுக்கு என்ன மரியாதை?" ஊசி என்றால் எதிரே பலகையில், விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டுகிற கருவியின் முள். இதில் தப்பாகச் சொன்னதற்கு அடி என்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்காது, ஆனால் புரியும். நான் சொல்ல வந்தது அதை இல்லை. நான் சரியாகச் சொன்ன நாள் ஒன்று உண்டு. அதைத்தான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்க ஆளில்லாமல்.

இப்போது ஏதோ கேட்டதா? கேட்டது. இல்லை, கேட்கப்போவது போல இருந்தது. கேட்பதற்கும் கேட்கப்போவதற்கும் நடுவில் விரல் பொத்தான் மேல் நிற்கிறது, வியர்க்கிறது. அமுக்கவில்லை. அமுக்கியிருக்க வேண்டுமோ? அது ஜனவரி மாதக் காலை, பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கண்மாயெல்லாம் தண்ணீர், நாங்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். தாடையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடியிருந்தேன். வெயில் என் இடது கன்னத்தில் இருந்தது, கிழக்கு அந்தப் பக்கம்தானே. கொஞ்ச நேரத்தில் அது கன்னத்தைவிட்டு மெல்ல நகர்ந்து நெற்றிக்கு வந்தது, மூடிய இமைக்குள் சிவப்பு ஏறியது. காது நேர் என்றது. நான் காதைக் கேட்கவில்லை, கன்னத்தைக் கேட்டேன். ஆக, கிழக்கே பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, இருபது வயதில் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சிலிர்ப்பு. "இடது பக்கம் திரும்புறோம் சார்!" பட். "வாயில என்னல, கொழுக்கட்டையா? கேட்டுக்கிட்டே இருக்கேன்." "இடது சார்! இடது பக்கம்!" பட். கண்ணைத் திறந்தேன். ஊசி இடது பக்கம் சாய்ந்திருந்தது, சூரியன் நேர் எதிரே இருந்தது, எல்லாம் என் கட்சி. முகத்தைத் தூக்கி அவரைப் பார்த்து, "நான் அதத்தான சார் சொன்னேன், இடதுன்னு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல முழுமுகத்தையும் திருப்பிப் பார்த்தார், அந்தப் பார்வைக்கு நாங்கள் பருந்துப் பார்வை என்று பெயர் வைத்திருந்தோம். அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது, தெருவில் எதிரே வருகிறவர் கடன் கொடுத்தவர் என்று தெரிந்ததுபோல. அப்புறம் "எதுத்தா பேசுத?" என்று மூன்றாவது அடி. அதுதான் பலமானது. அன்று சாயங்காலம் வரை அந்தக் காதில் ஒரு வண்டு இருந்தது. நான் சரியாகத்தான் சொன்னேன். ஊசியும் அதைத்தான் சொன்னது. ஊசியை அவர் அடிக்கவில்லை.

அதனால்தானே பிழைத்தாய் என்பார்கள். தங்கமாரியப்பன் சொல்வான், குழுவில் எல்லோரும் கும்பிடுகிற கையோடு சொல்வார்கள், ஏனென்றால் கோடியக்கரைக் கதையை முட்டாள்தனமாக நானேதான் அவர்களிடம் சொல்லித் தொலைத்தேன். கோடியக்கரைக்கு அப்பால் ஒரு நாள் அந்தி மங்கலில் கடலும் வானமும் ஒரே சாம்பலாகி, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போனபோது, காது நேர் என்றது, ஊசி இடது என்றது, நான் ஊசியை நம்பினேன். 'பாத்தியா, கொரைரா சார் காப்பாத்திட்டாரு!' இல்லை. காப்பாற்றியது ஊசி. ஊசியை நம்பு என்ற பாடம் காப்பாற்றியது, அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அடிக்காமல் அச்சடித்திருக்கிறார்கள். நானும் இத்தனை பிள்ளைகளுக்கு அதே பாடத்தை நடத்தியிருக்கிறேன், தாடையை நெஞ்சில் வைக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி. ரூபவதிக்கு நடத்தியபோது அவள் நேர் என்றாள், கண்ணைத் திறந்தாள், ஊசியைப் பார்த்தாள், "அய்யோ சார், என் காது பயங்கர ஃப்ராடு சார்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அதை மறக்க மாட்டாள். அவள் காது முழுசாக இருக்கிறது. ஒருவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அவன் நீச்சல் கற்றுக்கொண்டு வெளியே வந்தால் தள்ளியவனுக்கு மாலை போடுவது என்ன நியாயம்? முழுகிப்போனவர்கள் யாரும் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. டாக்டர் வேறு காரணம் சொல்வார், எனக்குத் தெரியும். வயசு என்பார், இன்ஜின் சத்தம் என்பார். இன்ஜின் நடுவில் இருக்கிறது டாக்டர், வயசு இரண்டு காதுக்கும் ஒரே நாளில்தான் வந்தது, வலது மட்டும் ஏன் போகிறது என்று கேட்பேன். அவர் தோளைக் குலுக்குவார். நிரூபிக்க முடியாது. என் வாழ்க்கையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயத்தை என்னால் நிரூபிக்க முடியாது. நான் இடது என்று சொன்னதையும் நிரூபிக்க முடியாது. அந்த விமானத்தில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் செத்துப்போனார். செத்ததற்கும் எனக்குக் கோபம்தான், ஒரு தடவை தூத்துக்குடி போய், ஏன் சார் அடிச்சீங்க, அன்னிக்கு மட்டும் ஏன் சார் என்று கேட்டிருக்கலாம். போயிருந்தால் மீன்குழம்பு போட்டு அனுப்பியிருப்பார். நானும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

கண்ணாடியில் ஹசீனாவின் முழங்கை அசைந்தது. அசைந்து நின்றது, மறுபடி அசைந்தது, நின்றது, மறுபடி. கை தெரியவில்லை, கருவி தெரியவில்லை, பச்சைத் துப்பட்டா நழுவிய முழங்கை மட்டும் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தெரிகிறது. மூன்று தரம். காதில் ஒன்றுமில்லை, மழை பெய்த மைதானம்போல இருக்கிறது. ஆனால் முழங்கை சொல்கிறது, இப்போது சத்தம் வந்தது என்று. அட. வித்தை. எங்களை முதல் மருத்துவச் சோதனைக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் கேன்டீனில் வைத்துக் கொரைரா நடித்துக் காட்டிய வித்தை, ஒரு வடையைப் பொத்தானாகப் பிடித்துக்கொண்டு. "காதுச் சோதனைக்கு எதுக்குல பயம்? அந்தப் பிள்ளை முழங்கையப் பாரு. கண்ணாடில தெரியும். முழங்கை அசையுதா, அமுக்கு. மூணு மூணா வரும், பாட்டுக்குத் தாளம் போடுத மாதிரி. கேக்குது கேக்கல, அதெல்லாம் உனக்கெதுக்கு?" நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். இருபது வயதில் எல்லோருக்கும் எறும்பு நடந்தால் கேட்கும், அந்த வித்தை எங்களில் ஒருவனுக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாத வித்தை. தேவைப்படாத ஒன்றை இவ்வளவு துல்லியமாக, மூன்று மூன்றாக வரும் என்பது வரைக்கும், முழங்கை எந்த ஓரத்தில் தெரியும் என்பது வரைக்கும் ஒரு மனிதன் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? நில். ஹசீனா, கொஞ்சம் நில்லம்மா, இங்கே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. கேன்டீன் மேசையில் அவர் எப்போதும் இடது கோடியில் சுவரை ஒட்டித்தான் உட்காருவார், அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவார், நாங்கள் எல்லோரும் அவருக்கு வலது பக்கம். தொலைபேசி வந்தால் எழுதிக்கொண்டிருக்கிற பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது கையில் எடுத்து வலது காதில் வைப்பார், குறித்துக்கொள்ள வேண்டியதை எங்களை எழுதச் சொல்லுவார், அதை நாங்கள் அதிகாரத் திமிர் என்று நினைத்தோம். பருந்துப் பார்வை. எது கேட்டாலும், எதைச் சொன்னாலும் முழு முகத்தையும் நம் பக்கம் திருப்பி, கண்ணைப் பார்க்காமல், ஆமாம், கண்ணைப் பார்க்கவே மாட்டார், கொஞ்சம் கீழே பார்ப்பார். வாயை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மற்றப் பயிற்சிகளில் அவர் இவ்வளவு அடித்ததில்லை, இறங்கும்போது ஓடுதளத்தில் தவளை மாதிரி நான் குதித்துக் குதித்துப் போனபோதுகூடத் திட்டினார், அடிக்கவில்லை. அடித்ததெல்லாம் இந்த ஒரு பயிற்சியில்தான். தாடையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடுகிற பயிற்சியில். தாடை நெஞ்சில் இருந்தால் உதடு தெரியாது.

அவருக்கு இடது காது கேட்காது. எனக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு, என்னைப் பார்த்த பக்கத்துக் காது செத்துக் கிடந்திருக்கிறது. வருடத்துக்கு வருடம் இப்படியொரு கூண்டில் உட்கார்ந்து, எவளோ ஒரு பெண்ணின் முழங்கையைப் பார்த்துப் பார்த்து அமுக்கி, சான்று வாங்கிக்கொண்டு வந்து, எங்களைக் கண்ணை மூடச் சொல்லிக் கேள்வி கேட்டு, பதில் கேட்காமல் அடித்திருக்கிறார். அடித்துவிட்டால் பதில் தேவையில்லை, அடி வாங்கியவன் தான் தப்பாகச் சொன்னதாகத்தான் நினைப்பான். பதிலில் பாதி தப்பாகத்தான் இருக்கும், கணக்கு சரியாகிவிடும். என்ன அருமையான முறை, யாராவது பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆக முதல் அடி செவிட்டுத்தனம். இரண்டாவதும் செவிட்டுத்தனம். அதைக்கூட மன்னித்துவிடலாம், கொட்டகை, மூன்று விமானம், தூத்துக்குடியில் குடும்பம், பறப்பதைத் தவிர வேறு தெரியாத மனிதர், எனக்கு அந்தப் பயம் இப்போது வாய் வரைக்கும் இருக்கிறது, அதன் ருசிகூடத் தெரிகிறது, பழைய பித்தளை மாதிரி. ஆனால் மூன்றாவது? நான் முகத்தைத் தூக்கிச் சொன்னேன். உதட்டைப் பார்த்தார். இடது என்று நான் சொன்னது அவருக்கு அந்த நொடியில் தெரியும். தெரிந்ததுதான் முகத்தில் ஓடியது. தெரிந்த பிறகு அடித்தார். தெரிந்ததற்காக அடித்தார். நான் எங்கே தெரிந்துகொண்டுவிடுவேனோ என்று என் காதை அடித்தார். அவனுடைய பயத்துக்கு என் காதைக் கொடுத்திருக்கிறேன். அவன்தான், அப்பா மன்னிக்கட்டும், இந்த இடத்தில் இலக்கணம் அதைத்தான் கேட்கிறது. நாலு வரி எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். நான் சரியாகத்தான் சொன்னேன், உனக்குத்தான் கேட்கவில்லை. ஒரு வரிதான் வருகிறது.

முழங்கை அசைகிறது. மூன்று தரம். விரல் தானாகவே இறங்குகிறது, இந்த விரலுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தானே. ஒரு அமுக்கு, வெள்ளிக்கிழமை என்னுடையது. ரூபவதி வானத்தில் இருப்பாள், நான் ஓடுதளத்து ஓரப் புல்லில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன், என் எடை இல்லாததால் விமானம் அவள் எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே எழும்பும், அதை அவளிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், யாரும் சொல்லாமல் விட்டால் பயந்துவிடுவாள். ஒரு அமுக்குதான். அவளை அனுப்பிவிட்டு அப்புறம் உண்மையைச் சொல்லலாம். அவனும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்திருப்பான். அப்புறம் ஒரு நாள் ரூபவதி மாதிரி ஒருத்தி என் வலது பக்கத்திலிருந்து ஏதோ சொல்வாள்... இல்லை, இடது பக்கத்திலிருந்து, ஆசிரியர் வலதில் அல்லவா உட்காருவார், எனக்கு நல்ல பக்கம் அவள் பக்கம்தான், ஆகவே ஒரு தொந்தரவும் இல்லை, பார், மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வக்கீல் வேலை பார்க்கிறது. அவனுக்கும் இப்படி ஒரு வக்கீல் இருந்திருப்பான். முழங்கை மறுபடி அசைகிறது. தாடையை நெஞ்சில் வைத்தேன். கண்ணை மூடினேன். இப்ப சொல்லு வேந்தே. கேக்குதா, கேக்கலையா? கேக்கல சார். சத்தமா சொல்லு. கேக்கல. கேக்கல. நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், நடுவில் இரண்டு முறை கொசு வந்தது, அதற்கு மட்டும் அமுக்கினேன்.

கதவு திறந்தபோது வெளிச்சமும் மின்விசிறிச் சத்தமும் ஒன்றாகக் கொட்டின. ஹசீனா தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இடது சூப்பரா இருக்கு. வலது..." என்று நிறுத்தினாள். "சொல்லும்மா." "மேல் சத்தம் நல்லா இறங்கியிருக்கு சார். டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாரு. ஆனா மூணு மாசம் நிறுத்தி வச்சிட்டு மறுபடி வரச் சொல்லுவாங்கன்னு நினைக்கிறேன். வேணும்னா இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாமா? கண்ண மூடிட்டீங்க, தூங்கிட்டீங்களோன்னு நினைச்சேன்." "தூங்கல. வேண்டாம்." அவள் முகம் வாடியது, நல்ல பெண். சிவப்புப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். கழற்றிய பிறகும் காது சூடாக இருந்தது. "ஹசீனா, நீ கருவியத் தட்டும்போது உன் முழங்கை உள்ள தெரியுது." "எங்க சார்?" "உள்ள வந்து உக்காரு, நான் காட்டுறேன்." அவள் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள், நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுமில்லாத இடத்தில் மூன்று தரம் விரலைத் தட்டினேன். உள்ளேயிருந்து வாயில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அய்யய்யோ. நாலு வருஷமா இங்கதான் சார் உக்காந்திருக்கேன். யாருமே சொல்லலையே சார்." "சொல்ல மாட்டாங்கம்மா." "ஏன் சார்?" என்றாள், பிறகு அவளுக்கே புரிந்து, என்னை ஒரு முறை பார்த்தாள். அடுத்து, சுவரில் தொங்கிய காலண்டரில் போன மாதத்துத் தாளைக் கிழித்தாள், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை நான்கு துண்டு வெட்டி, கண்ணாடியின் கீழ்ப்பாதி மறைகிறமாதிரி ஒட்டினாள். அரிசி வியாபாரி ஒருவரின் விளம்பரம், கீழே ராகு காலம். நன்றாகத்தான் மறைத்தது.

வெளியே தங்கமாரியப்பன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "என்ன மாப்ள, முழங்கை வேலை செஞ்சுதா?" என்று என் காதருகே கேட்டான். "டாக்டரப் பாக்கணும்" என்றேன். "என்னா?" என்றான். அதற்குள் ஹசீனா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டே உள்ளே போனான். நான் ரூபவதிக்கு, வெள்ளிக்கிழமை வேறொருவர் வருவார், நீ தனியாக இருக்கும்போது விமானம் சீக்கிரம் எழும்பும், பயப்படாதே, இறங்கும்போது மூச்சுவிடு என்று செய்தி அனுப்பினேன். வராந்தாக் கோடியில் டீ வாங்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அவன் வந்ததும் சேர்ந்து குடிக்கலாம் என்று அவனுக்கும் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்திருந்தேன். உள்ளே இந்த முறை கண்ணாடியில் முழங்கை கிடையாது. அவன் வெளியே வருவதற்குள் இரண்டு டீயிலும் ஏடு படிந்துவிட்டது.